கத்தரிக்கோலுக்கு எட்டாத சால்வை

"இப்படியேவா வெளியே போகப் போகிறாய்?" என்று பாட்டி கேட்டபோது நான் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரஷ்யாவின் வொரோனெஷ் நகரில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். வெளியே மைனஸ் 19. பஞ்சு வைத்த கோட்டு, கையுறை, அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய கம்பளித் தொப்பி எல்லாம் போட்டிருந்தேன். தொப்பிக்கும் கோட்டுக் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கழுத்து தெரிந்தது. பாட்டியின் பார்வை அங்கேதான் நின்றது. உள்ளே போய் அலமாரியைத் திறந்து, கறுப்பில் பெரிய பெரிய ரோஜாக்கள் போட்ட சால்வை ஒன்றைக் கொண்டுவந்தார். முக்கோணமாக மடித்துத் தலையில் போட்டார். இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே குறுக்காக விட்டு, பின்கழுத்துக்குக் கொண்டுபோய் ஒரு முடிச்சு. காதில் ஊசியாகக் குத்தும் குளிர் அன்று எனக்குத் தெரியவே இல்லை.

பாட்டி என்று இங்கே எழுதுகிறேனே தவிர, அங்கே பெரியவர்களைப் பெயரோடு அவர்கள் அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை 'தோச்கா' என்பார். மகளே என்று பொருள். மருத்துவம் படிக்கப் போன எனக்கும் இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்கும் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். ரஷ்ய உடைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் அலமாரியில் இருந்து வந்தது. மீதி, அந்த அலமாரி கிளப்பிவிட்ட ஆசையில் நானாகத் தேடிப் படித்தது.

கறுப்புச் சால்வை பாவ்லோவ்ஸ்கி பொசாத் ஊர்க்காரச் சால்வை. மாஸ்கோவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். காஞ்சிபுரம் என்றதும் நமக்குப் பட்டு நினைவுக்கு வருகிறது அல்லவா, அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ரஷ்யர்களுக்குப் பூப்போட்ட கம்பளிச் சால்வைதான். 1795-ல் லாப்ஸின் என்ற குடியானவர் குடும்பம் தொடங்கிய நெசவுப் பட்டறை அது. ஆரம்பத்தில் பட்டுத்துணி நெய்தார்கள், 1860-களில்தான் அச்சிட்ட கம்பளிச் சால்வைக்கு மாறினார்கள். அப்போதெல்லாம் மர அச்சு. கோடு போட ஒருவகைக் கட்டை, நிறம் நிரப்ப இன்னொரு வகைக் கட்டை. ஒரே சால்வைக்கு நூற்றுக்கணக்கான முறை கட்டையை வைத்து எடுக்க வேண்டும், ஒரு மயிரிழை விலகினாலும் ரோஜா கலங்கிப்போகும். இப்போது திரை அச்சு. ஆனாலும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அதை வரைந்த ஓவியரின் பெயரும் சீட்டில் அச்சாகி வரும். சேலை வாங்கும்போது அதை வரைந்தவர் யார் என்று நாம் கேட்டதே இல்லை. அந்தச் சீட்டை முதலில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ரோஜாக்களுக்கு ஓரமாக, ஒரு பக்கம் வளைந்த நுனியோடு ஒரு வடிவம் வரிசையாகப் போகும். "இது எங்கள் ஊர் மாங்காய்" என்றேன். பாட்டி அதெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. "வெள்ளரிக்காய்" என்றார். உண்மையிலேயே ரஷ்ய மொழியில் அதற்குத் துருக்கி வெள்ளரிக்காய் என்றுதான் பெயர். மாங்காயை மரத்தில் பார்க்காத ஊரில் வேறு என்ன சொல்வார்கள். அந்த வடிவம் காஷ்மீர்ச் சால்வைகளோடு ஐரோப்பா போய், அங்கிருந்து ரஷ்யப் பிரபுக்கள் வீட்டுக்குள் நுழைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சால்வைமேல் ரஷ்யச் சீமாட்டிகளுக்கு அப்படியொரு மோகம். மெர்லினா என்ற நில உடைமைக்காரி தன் பண்ணை அடிமைப் பெண்களை வைத்தே அதைப்போல நெய்யத் தொடங்கினார். அந்தச் சால்வைகளில் நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று கிடையாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். பத்து வருடம் நெய்தால் விடுதலை என்பது பேச்சு. விடுதலை கிடைக்கும்போது பலருக்குக் கண்பார்வை போயிருக்கும். அருங்காட்சியகத்தில் அந்தச் சால்வைகளின் அழகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வரும்.

சால்வைக்கு ரஷ்ய மொழியில் 'ஷால்'. நம் சால்வையும் அவர்கள் ஷாலும் ஒரே பாரசீகச் சொல்லின் பிள்ளைகள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு துணிச் சொற்களாகவே தேட ஆரம்பித்துவிட்டேன். பூப்போட்ட பருத்தித் துணிக்கு அவர்கள் 'சீதெத்ஸ்' என்கிறார்கள். அது டச்சுக்காரர்கள் வழியாகப் போன நம் ஊர்ச் சொல். என் ஆச்சி "சீட்டிப் பாவாடை" என்பார்களே, அந்தச் சீட்டியேதான். புத்தக அட்டைக்கு ஒட்டும் துணி 'கொலென்கோர்'. கலம்காரி என்ற சொல்லின் மாறிய வடிவம். வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றுக்கு 'மதபொலாம்' என்று பெயர். ஆந்திரத்தில் நரசாபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மாதவாயபாலெம் என்ற ஊரின் பெயர் அது. சோழமண்டலக் கரையில் கப்பலேறிய துணிகள் எங்கெங்கோ கைமாறி, பெயரை மட்டும் பனி விழும் நாட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

ரஷ்ய உடை என்றால் உலகமே நினைக்கும் 'சரஃபான்' என்ற நீண்ட கையில்லாக் கவுனும் பாரசீகப் பெயர்தான். 'சராபா', அதாவது தலை முதல் கால்வரை. குருத்வாராக்களில் மரியாதைக்குப் போர்த்தும் 'சிரோபா'வும் இதே சொல். 14-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் சரஃபான் ஆண்கள் உடுத்தும் அங்கி. பிறகுதான் அது பெண்களிடம் வந்து, பெண்கள் உடையாகவே தங்கிவிட்டது.

பாட்டியிடம் இன்னொரு சால்வை இருந்தது. அதை எடுக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். உரால் மலைப் பக்கத்து ஒரென்பூர்க் ஆட்டின் மென்மயிரை நூற்று, பட்டிழையோடு முறுக்கிக் கையால் பின்னிய வெள்ளைச் சால்வை. 'சிலந்தி வலை' என்றே அதற்குப் பெயர். ஒருநாள் இடக்கையிலிருந்த திருமண மோதிரத்தைக் கழற்றினார். அங்கே மோதிரம் வலக்கையில் போடுவது, கணவர் இறந்த பிறகு இடக்கைக்கு மாற்றிக்கொள்வார்கள். சால்வையின் ஒரு முனையைத் திருகி மோதிரத்துக்குள் விட்டு மெல்ல இழுத்தார். மேசையை மூடும் அளவு பெரிய துணி, நீர் போல, மோதிரத்துக்குள் போய் மறுபக்கம் வந்து விரிந்தது. "என் அம்மா பின்னியது" என்றார். அவர் அம்மா ஒரென்பூர்க் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி வொரோனெஷ் கிராமத்துக்கு வந்தவர். அதைத் துவைப்பது தனிக் கலை. வெதுவெதுப்பான நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, சுற்றிலும் ஆணி அடித்த மரச் சட்டத்தில் ஒவ்வொரு பல்லாக மாட்டி இழுத்துக் காய வைக்க வேண்டும். எங்கள் அறைக் கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்த சட்டம் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த ஆடுகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோய் வளர்த்துப் பார்த்தார்களாம். அந்த இதமான குளிருக்கு ஆட்டு மயிர் தடித்துப்போய்விட்டது. உரால் பக்கத்துக் கொடுங்குளிர் இருந்தால்தான் அந்த மென்மை வரும்.

சரி, கத்தரிக்கோல் கதைக்கு வருகிறேன்.

1698-ல் மேற்கு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய பீட்டர் மன்னர், வரவேற்க வந்த பிரபுக்களின் தாடியைத் தானே வெட்டினார். அடுத்து உடை. தரையைத் தொடும் அங்கியும், விரல் நுனியையும் தாண்டித் தொங்கும் கையும் அந்தக் காலத்து அந்தஸ்து. 1700 ஜனவரியில் ஆணை வந்தது: நகரத்தில் இருப்பவர்கள் ஹங்கேரி பாணியில் உடுத்த வேண்டும். அடுத்த ஆண்டு ஜெர்மன் உடை, பிரெஞ்சு உடை என்று விரிந்தது. எப்படித் தைப்பது என்று மக்களுக்குத் தெரிய வேண்டுமே, நகர வாயில்களில் மாதிரிப் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்தினார்கள். பழைய அங்கியோடு நுழைந்தால் அபராதம்: நடந்து வந்தவருக்கு 40 கோபெக், குதிரையில் வந்தவருக்கு 2 ரூபிள். பெண்களுக்கும் விலக்கில்லை. தலைமுடி வெளியே தெரிவதே அவமானம் என்று வளர்ந்த பிரபு குலப் பெண்கள், ஒரே தலைமுறைக்குள் தோளும் கழுத்தும் தெரியும் கவுனில் விருந்துக்கு வரவேண்டியதாயிற்று. தலைத்துணி இல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பதற்கு அந்த மொழியிலேயே சாட்சி இருக்கிறது. எதிலாவது சொதப்பி மானம் போனால் 'அப்ரஸ்தவலோசித்ஸா' என்பார்கள். தலைமுடி வெறுமையாகத் தெரிய நின்றுவிடுவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள்.

ஆனால் ஆணையில் இரண்டு கூட்டத்துக்கு விலக்கு இருந்தது. ஒன்று பாதிரியார்கள். இன்னொன்று குடியானவர்கள். உழுகிறவன் எதை உடுத்தினால் மன்னருக்கு என்ன! நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு நாருக்காக ஆளிச் செடியை விதைத்து, நூற்று, நெய்து, தைத்துப் பழைய உடையையே உடுத்திவந்தார்கள். இன்று 'ரஷ்யப் பாரம்பரிய உடை' என்று பொம்மைக்குப் போட்டு விற்கிறார்களே, அது அரண்மனையிலிருந்து வந்ததில்லை. ஆணைக்கு வெளியே விடப்பட்டவர்களின் உடை. எனக்கு இந்த விஷயத்தில் மனதைத் தொட்டது இதுதான்.

அரண்மனைக்காரர்களுக்குப் பிறகு அதன்மேல் ஏக்கம் வந்தது. 1834-ல் முதலாம் நிக்கலாய் மன்னர், அரசவைக்கு வரும் பெண்கள் 'கோகோஷ்னிக்' போன்ற தலையணி வைத்துத்தான் வர வேண்டும் என்று ஆணையிட்டார். கோகோஷ் என்றால் கோழி. கல்யாணமான பெண்கள் முடி முழுக்க மறைய வைக்கும், கொண்டை போல எழும்பி நிற்கும் கிரீடம் அது. 1903 பிப்ரவரியில் குளிர்கால அரண்மனையில் மாறுவேட விருந்து. இரண்டாம் நிக்கலாய் உட்பட விருந்தினர் எல்லோரும் பீட்டருக்கு முந்தைய 17-ஆம் நூற்றாண்டு உடையில் வந்தார்கள். அந்த விருந்தின் உடைகளை வைத்து 1911-ல் ஒரு சீட்டுக்கட்டு அச்சானது. புரட்சி வந்து மன்னர் குடும்பமே போன பிறகும், சோவியத் காலம் முழுக்க அதே சீட்டுக்கட்டு அச்சாகி வீடு வீடாகப் புழங்கியது. மின்சாரம் போன இரவுகளில் பாட்டி எங்களுக்கு 'துராக்' ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அந்தக் கட்டில்தான். முத்துக் கோகோஷ்னிக் வைத்த ராணியை மேசையில் அடித்துப் போட்டுவிட்டு, "பார், எத்தனை முத்து" என்பார்.

வொரோனெஷ் பக்கத்துக் கிராமங்களில் சரஃபானைவிடப் பழைய உடை ஒன்று உண்டு. 'பொன்யோவா' என்று பெயர். கட்டம் போட்ட கம்பளித் துணியை இடுப்பைச் சுற்றிக் கட்டி இறுக்குவது. அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்ததும் எனக்குக் கண்டாங்கிக் கட்டம்தான் கண்ணில் பட்டது. அதற்கு மேலே வெள்ளைச் சட்டை. சட்டையின் கையில்தான் அந்த ஊர்க்காரிகளின் முழுத் திறமையும் இருக்கிறது. மற்ற ஊர்களில் சிவப்பு நூலில் பூவேலை செய்வார்கள். ரஷ்ய மொழியில் சிவப்பைச் சொல்லும் சொல்லுக்கே முன்பு அழகு என்றுதான் பொருள். இங்கேயோ கறுப்பு நூல். சாய்சதுரமும் கொக்கியும் ஏணியுமாக, ஒரு விரல் இடம் விடாமல் கறுப்பு. முன்னொரு காலத்தில் படையெடுப்பில் ஊரின் ஆண்களெல்லாம் செத்துப்போக, பெண்கள் துக்கத்துக்காகக் கறுப்புக்கு மாறினார்கள் என்று ஒரு கதை. அது அந்த நிலத்தின் நிறம் என்று இன்னொரு கதை. வொரோனெஷ் மண் கறுப்பு. பனி உருகும் ஏப்ரலில் பேருந்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கருகருவென்று உழுத நிலம். கரிசல்காட்டில் பிறந்த எனக்கு அந்த இரண்டாவது கதையைத்தான் நம்பத் தோன்றுகிறது.

பூவேலை எங்கே போட வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு: கழுத்து, மணிக்கட்டு, கீழ் ஓரம். உடம்புக்கும் வெளிக்கும் நடுவே துணி திறக்கும் இடங்கள். கெட்டது எதுவும் அந்த வழியாக நுழைந்துவிடக் கூடாது என்று காவல். பிறந்த ஆண் குழந்தையை அப்பாவின் பழைய சட்டையில் வாங்குவார்கள். இதைப் பாட்டி சொன்னபோது, எங்கள் ஊரிலும் தாத்தாவின் பழைய வேட்டியில்தான் பிள்ளையை ஏந்துவோம் என்றேன். அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

1917 புரட்சிக்குப் பிறகு உடையை மறுபடியும் மாற்றப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆள் நதேஷ்தா லமானவா. அரச குடும்பத்துக்குத் தைத்தவர், 1919-ல் சிறைக்குப் போனவர். எழுத்தாளர் கார்க்கி தலையிட்டு வெளியே வந்தார். துணிப் பஞ்சம் தலைவிரித்தாடிய அந்த நாட்களில், கிராமத்துப் பூவேலைத் துண்டுகளை, ஆமாம், கை துடைக்கும் துண்டுகளை, எடுத்து நேர்க்கோட்டு வெட்டில் கவுன்களாக்கினார். 1925-ல் பாரிஸ் கண்காட்சியில் அவற்றுக்குப் பெரும் பரிசு. தைக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்: துண்டை வெட்டினால் பூவேலை பாழ், அதனால் துண்டின் அகலமே உடையின் வடிவத்தைத் தீர்மானித்தது. இதைப் பற்றிப் பேசும்போது பாட்டி தன் இரண்டு கைகளால் காற்றில் அந்தத் துண்டை மடித்துக் காட்டினார். அதே காலத்தில் துணி ஆலைகள் சீட்டியில் டிராக்டர், மின்விளக்கு, விமானம் என்று அச்சிட்டன. பெண்கள் அதை விரும்பவில்லை. 1933-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் 'ப்ராவ்தா' நாளிதழே முன்னால் டிராக்டர், பின்னால் அறுவடை எந்திரமா என்று கேட்டு எழுதியதும், பூக்கள் திரும்பி வந்தன.

பிறகு பஞ்சகாலம், போர்க்காலம், கடையில் எதுவும் கிடைக்காத காலம். 1959 ஜூனில் பாரிஸின் தியோர் உடை நிறுவனம் மாஸ்கோவில் உடைக் காட்சி நடத்தியபோது, அந்த மாடல் பெண்கள் நகரத்துக்குள் நடந்த புகைப்படங்கள் இருக்கின்றன. எல்லோரும் மாடல்களைப் பார்ப்பார்கள். எனக்குப் பின்னால் பையோடு நிற்கிற, முக்காடு போட்ட பெண்களின் முகங்களைத்தான் பார்க்கத் தோன்றும். பாட்டிக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை. பத்திரிகையோடு வரும் வெட்டுப்படத்தைத் தரையில் விரித்து, திரைச்சீலைத் துணியில் தனக்குக் கவுன் தைத்துக்கொண்ட கதையை ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

அவருக்கு ஸ்லாவா ஸாய்த்ஸெவ்மேல் பெரிய பக்தி. துணி ஆலைகளின் ஊரான இவானவாவில் 1938-ல் பிறந்த வடிவமைப்பாளர். 1962-ல், கிராமத்துப் பெண் தொழிலாளர்களுக்கு வேலை உடுப்பு வடிவமைக்கச் சொன்னார்கள். பஞ்சு வைத்த சாம்பல்நிறக் கோட்டைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் பாவ்லோவ்ஸ்கி பொசாத் ரோஜாக்களைப் பாவாடையாக்கி, ஆட்டு மயிரை அடித்துச் செய்யும் 'வாலென்கி' பூட்ஸுக்கு வண்ணம் தீட்டிக் கொண்டுபோனார். கூடாது என்று தள்ளிவிட்டார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு போட்டது. 2023-ல் அவர் இறந்தபோது பாட்டி தொலைபேசியில் அழுதார்.

நான் பார்த்த வொரோனெஷ் தெருவில் பெண்கள் நம் ஊர்ப் பெண்களைப்போலவே ஜீன்ஸும் கோட்டும்தான். ஆனால் உடையில் காட்டும் அக்கறை வேறு மாதிரி. கல்லூரி, நூலகம், மருத்துவமனை எங்கே போனாலும் வாசலில் 'கார்திரோப்' இருக்கும். கோட்டைக் கழற்றிக் கொடுத்து எண் வில்லை வாங்காமல் உள்ளே விடமாட்டார்கள். பெண்கள் பனி பூட்ஸைக் கழற்றிவிட்டு, பையில் கொண்டுவந்த அழகான ஷூவுக்கு மாறி, கண்ணாடி பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டுதான் நகர்வார்கள். என் கோட்டின் கழுத்தில் மாட்டும் வளையம் அறுந்திருந்தது. கோட்டு வாங்கும் அம்மா முகத்துக்கு நேரே திட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். பாட்டி பேசாமல் ஊசியை எடுத்தார். அவர் தைத்த வளையம் இன்றும் அறுபடவில்லை.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் வெளிநாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. பெரிய வணிக வளாகங்களில் விளக்கணைந்த கண்ணாடிகள் என்று தோழி படம் அனுப்பினாள். அந்த இடத்தில் உள்நாட்டு நிறுவனங்கள் வந்தன. சில ஆண்டுகளாக இளம்பெண்கள் கோகோஷ்னிக் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதும், கோட்டுக்கு மேலே பாவ்லோவ்ஸ்கி சால்வை போர்த்துவதும் அதிகமாகியிருக்கிறது. அதில் கொஞ்சம் அரசியல் பெருமிதமும் கலந்திருக்கிறது, அது எனக்குக் கவலைதான். ஆனால் பாட்டியிடம் பழைய சால்வையைக் கேட்டு வரும் பேத்தியை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது.

படிப்பு முடிந்து கிளம்பும்போது கறுப்பு ரோஜாச் சால்வையை என் பெட்டிக்குள் வைத்தவர் அவர்தான். கோவில்பட்டியில் அதற்கு என்ன வேலை? மார்கழி விடியலில் அம்மா கோயிலுக்குப் போகும்போது போர்த்திக்கொள்கிறாள்.

அம்மா வீட்டிலிருந்தபடியே துணிக்கடைக்காரருக்குச் சேலை முந்தானையில் குஞ்சம் கட்டிக்கொடுப்பவள். சால்வையை முதல்முறை கையில் வாங்கியதும் ரோஜாவைப் பார்க்கவில்லை. ஓரத்தைத் திருப்பினாள். அந்தக் குஞ்சத்தைப் பாவ்லோவ்ஸ்கி பொசாத் பக்கத்தில் பெண்கள் வீட்டில் வைத்துக் கையால்தான் கட்டுகிறார்கள் என்று நான் சொல்வதற்குள், இழைகளைப் பிரித்து எண்ணி, ஒரு முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டாள். "இது நம்ம முடிச்சுதான். ஆனா ரெண்டு வரிசை போட்டிருக்கா, பொறுமைசாலி." ஒரு மூலையில் நாலைந்து முடிச்சு அவிழ்ந்திருந்தது. பாட்டி தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டிய மூலையாக இருக்கலாம். மடியில் சால்வையைப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் பார்த்து வாசற்படிக்கு நகர்ந்து உட்கார்ந்து, அம்மா அவற்றை மறுபடி கட்டினாள்.